பாலத்துக்கு அப்பால் குத்திய ஊசிகள்

எங்கள் கம்பெனி லிஃப்டுகளைப் பராமரிக்கிற கம்பெனி. நகரத்தில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துப் போன் செய்வார். அந்தப் போனை எடுப்பவர்தான் லைன் அக்கா. "லைன்ல இருங்க" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும்.

மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். உயிர் போகிறது என்று அலறுகிறவரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? ஆனால் கேட்டால் எல்லோரும் பதில் சொல்லத்தான் செய்கிறார்கள். சாப்பிட்ட கதை முடிந்து, மாமியார் கதை தொடங்குவதற்குள் எங்கள் மெக்கானிக் போய்க் கதவைத் திறந்துவிடுவார்.

நான் அவருக்கு எதிர் மேஜை. பில் போடுகிற வேலை. என்னைப் ‘பாலம்’ என்று கூப்பிடுவார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நகரத்தையும் புறநகரையும் ஒரே ஒரு பாலம்தான் இணைக்கிறது. காலையில் அதன்மேல் வண்டிகள் நகராது, ஊரும். அதைப் பார்த்து இரக்கப்பட்டு, கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி ஒரு வழக்கம் வைத்தார்: பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் காலையில் அரை மணி நேரம் தாமதமாக வரலாம். நல்ல மனுஷன். ஆனால் சலுகை என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்ச காலத்தில் ஆபீஸே பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டது, பேச்சளவில். கணக்காளர் தன் மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். அந்த மாமனாரோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஸ்டோர்காரர் அக்காள் வீட்டு விலாசம். விற்பனைப் பிரிவில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே விலாசத்தைக் கொடுத்து, பிறகு சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஆனார்கள்.

உண்மையிலேயே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். கடைசி நிறுத்தம். இரண்டு பஸ் மாறி, அக்குளில் யார் தலையோ அழுந்த நின்று, பாதி உயிரோடு வந்து சேர்வேன். நான் பையை வைப்பதற்குள் ஒரு கூட்டம் என் மேஜையைச் சுற்றி நிற்கும்.

"இன்னைக்கு பாலம் எப்படி?"

"நடுவுல ஒரு லாரி நின்னுபோச்சு."

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஆளாளுக்கு அந்த லாரியின் பின்னால் நின்றவர்களாகிவிடுவார்கள். டயர் வெடித்ததைக்கூடச் சிலர் காதால் கேட்டிருப்பார்கள். எனக்கு எரியும். கஷ்டம் என்னுடையது, புலம்பல் அவர்களுடையது. காட்டிக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றும். செய்யாததற்கு ஒரே காரணம் லைன் அக்கா.

ஏனென்றால் அவரும் பொய் விலாசம்தான். கடைசி நிறுத்தத்தையும் தாண்டி இருக்கிற தம்பி வீட்டு விலாசம். நிஜத்தில் அவர் வீடு எங்கள் ஆபீஸுக்குப் பின்னால், குறுகலான தெருவுக்கு எதிர்ப்புறம், மூன்றாவது மாடி. காலையில் பின்வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் நசுங்கியவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்வாசல் வழியாக வருவார். அவர் கணவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வர அந்த அரை மணி நேரம் இல்லாமல் முடியாது. மதியம் சாப்பிடப் போவதாகச் சொல்லி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பகலில் கூட இருக்க வேறு ஆள் இல்லை.

ஆகவே அவர்கள் இரண்டு பேருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆபீஸில் காலை டீ வரும்போதும் மாலை டீ வரும்போதும் கணவர் இடது கையால் கயிற்றை இழுத்து எதிர்வீட்டு ஜன்னல் திரையைத் திறப்பார். கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொள்வார். திரை திறந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். தண்ணீர் கேன் வைத்திருக்கும் ஜன்னலில் நின்று அக்கா அதைப் பார்ப்பார். அவர் போனில் மாட்டிக்கொண்டால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டுவேன். ஒரே ஒரு தடவை திறக்கவில்லை. அன்று ஓடிப் போய்ப் பார்த்தால் மனுஷன் தூங்கிப்போயிருந்தார். "குறட்டை விடறாரு, குறட்டை!" என்று சொல்லிவிட்டு அக்கா என் தோளில் சாய்ந்து அழுதது எனக்குத்தான் தெரியும்.

பெரிய முதலாளிக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தவர் அவருடைய மருமகன். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் வினையே. முதலாளி கெட்டவராக இருந்தால் அவரிடமிருந்து தப்பிக்க வழி தெரியும். நல்லவர் நமக்கு நல்லது செய்யக் கிளம்பினால் எங்கே ஓடுவது?

ஒரு நாள் மீட்டிங் அறைச் சுவரில் நகரத்தின் பெரிய வரைபடத்தை மாட்டினார். தலையில் வண்ண மணி வைத்த ஊசிகளை எடுத்து, ஒவ்வொருவர் வீடும் எங்கே என்று குத்திக்கொண்டே போனார். பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. இந்தப் பக்கம் அவருடைய ஊசி ஒன்றும், காவலாளியின் ஊசி ஒன்றும்தான்.

"பாத்தீங்களா? நம்ம ஆளுங்க எல்லாரும் அங்க இருக்காங்க, ஆபீஸ் மட்டும் இங்க இருக்கு. தினமும் அந்தப் பாலத்துல நீங்க படற பாட்டை நான் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன்? வாடகையும் இங்க கழுத்தை நெரிக்குது. வண்டி நிறுத்த இடமில்ல. இப்ப எல்லாக் கம்பெனியும் வெளியிலதான் போகுது. நாமளும் போயிடலாம்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

கணக்காளர் எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

புது இடம் கடைசி நிறுத்தத்தில், என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பஸ் இல்லை, பாலம் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம். அன்று இரவு என் வீட்டுக்காரர், "அடிச்சதடி அதிர்ஷ்டம்" என்றார். சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மூலைக்கு மூலை குசுகுசுப்பு. உண்மையைச் சொன்னால் போதும், ஆபீஸ் நகராது. ஆனால் சொன்னால், இத்தனை வருஷமாக ஏமாற்றியதற்கு என்ன பதில்? பொய் விலாசத்துக்காக ஒருவரைப் பெரிய முதலாளி வேலையை விட்டே அனுப்பியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது?

"நீ சொல்லேன் பாலம், உன் விலாசம்தான் நிஜமாச்சே" என்றார் கணக்காளர்.

"நான் எதுக்கு சார் சொல்லணும்? ஆபீஸ் என் வாசலுக்கு வருது" என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

லைன் அக்கா மட்டும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. தண்ணீர் கேன் பக்கத்தில் என்னைப் பார்த்தபோது கேட்டார்: "புது ஆபீஸ்கிட்ட வாடகைக்கு வீடு கிடைக்குமா? ஜன்னல் ஆபீஸைப் பாத்த மாதிரி இருக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்த் தேடினேன். புது கட்டடத்தைச் சுற்றி மூன்று பக்கம் பொட்டல், நான்காவது பக்கம் ஒரு கிடங்கின் நீளச் சுவர். வீடுகள் தள்ளித்தான் இருந்தன. எந்த ஜன்னலிலிருந்தும் எதுவும் தெரியாது. திங்கட்கிழமை அதைச் சொன்னேன்.

"சரி விடு" என்றார் அக்கா. பிறகு, "வேலையை விட்டா சோறு இல்ல. வேலைக்கு அவ்வளவு தூரம் போனா அவரு இல்ல. ரெண்டுல எதைப் பாக்கறது சொல்லு" என்றார். போன் அடித்தது. "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல அந்த ஆள் என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

கடைசியாக அந்த மீட்டிங் வந்தது. மாலையில் புது கட்டடத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது, அதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே கூட்டிவிட்டார் மாப்பிள்ளை. போனைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்தார்கள்.

"இருக்கறதிலேயே தூரத்திலேர்ந்து வர்றவங்க முன்னாடி உக்காரட்டும்" என்று சொல்லி, லைன் அக்காவை வரைபடத்துக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில் உட்கார வைத்தார். நிஜமாகவே தூரத்திலிருந்து வருகிற எனக்கு இரண்டாவது இடம்! அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்.

ஆனால் அந்த மரியாதையில்தான் சிக்கல். அக்காவின் முதுகு ஜன்னல் பக்கம். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

டீ வந்தது. அக்கா கோப்பையை வாங்காமலே என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். திரை மூடியிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று கண்ணால் சொன்னேன்.

மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். புது இடத்தில் வெளிச்சம் எப்படி வரும், வண்டிகள் எங்கே நிற்கும், மிச்சமாகிற வாடகையில் என்னென்ன செய்யலாம் என்று. நடுநடுவே, "இனிமே உங்களுக்குப் பாலமே கிடையாது!" என்பார். எல்லோரும் கை தட்டினார்கள். கணக்காளர் தட்டியது சாவு வீட்டில் மாரடித்துக்கொள்வதுபோல இருந்தது.

கோப்பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். திரை அசையவில்லை. அக்கா மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. தூங்கியிருப்பார், முன்பு ஒரு முறை தூங்கினாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் விரல்கள் மடியில் முடிச்சு முடிச்சாகப் பின்னிக்கொண்டிருந்தன. எழுந்து போனால் எல்லாம் வெளியே வந்துவிடும், வேலை போய்விடும். என் தலையசைப்பை நம்பித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னால் அவர் ஓடுவார். ஓடினால் என் வாசலுக்கு வருகிற ஆபீஸும் போய்விடும். அதையும் நினைத்தேன், நினைக்காமல் இல்லை. அப்போது திரைக்குக் கீழ் ஓரத்தில் கயிறு மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. திரை திறக்கவில்லை. யாரோ கீழே இருந்து இழுப்பதுபோல இருந்தது.

"அக்கா, திரை!" என்று கத்திவிட்டேன்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அக்கா கதவைத் தாண்டியது எப்போது என்றே தெரியவில்லை.

"என்னாச்சு அவங்களுக்கு?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஜன்னல் பக்கம் இருந்த ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்து, "அது நம்ம லைன் அக்கா இல்ல?" என்றார். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

கீழே அக்கா செருப்பில்லாமல் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்க் கட்டடத்துப் படிக்கட்டில் மறைந்தார். வரைபடத்தில் எல்லோரையும்விடத் தள்ளிக் குத்தியிருந்த ஊசிக்குச் சொந்தக்காரர், நாங்கள் மூச்சு விடுவதற்குள் எதிர்ஜன்னலில் திரையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்க! யாராவது வாங்களேன்! என்னால தூக்க முடியல!"

அக்கா கத்தி அன்றுதான் கேட்டோம். எத்தனையோ பேரின் அலறலை அமைதியாகக் கேட்டுக்கொண்டவரின் குரல் தெருவெல்லாம் எதிரொலித்தது.

நான் போய்ச் சேர்வதற்கு முன் மாப்பிள்ளையும் ஸ்டோர்காரரும் போய்விட்டார்கள். சக்கர நாற்காலி உருண்டு, அக்காவின் கணவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறச் செருகிக்கொண்டிருந்தார். முகம் மெத்தை விளிம்பில் அழுந்தி நீலம் பாரித்திருந்தது. கயிறு மட்டும் இடது கையில் இருந்தது, அதை அவர் விடவே இல்லை. மாப்பிள்ளை கட்டிலை இழுத்துத் தள்ளினார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தார்கள். ஒரு நீண்ட மூச்சு வந்தது. அதற்குப் பிறகு இருமல். இருமல் சத்தம் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

டாக்டர் வந்து பார்த்து, எலும்பு எதுவும் முறியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மாப்பிள்ளை ஜன்னலோரமாகவே நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மீட்டிங் அறை நேர் எதிரே தெரிந்தது. வரைபடமும், அதில் பாலத்துக்கு அந்தப் பக்கம் குவிந்திருந்த ஊசிகளும் தெரிந்தன.

"எப்பலேர்ந்து இந்த வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டார்.

"வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து இங்கதான் சார்."

"அப்ப அந்தத் தம்பி வீடு?"

"தம்பி வீட்ல தம்பிதான் சார் இருக்கான்."

ஸ்டோர்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அரை மணி நேரம் வேணும்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் பொய்யும் சொல்ல முடியாதே சார்" என்றார் அக்கா.

ஆபீஸுக்குத் திரும்பியதும் மாப்பிள்ளை நேராக வரைபடத்துக்குப் போனார். அக்காவின் ஊசியைப் பிடுங்கி, பாலத்தின் மேலாகக் கையைக் கொண்டுவந்து, எங்கள் ஆபீஸை ஒட்டிக் குத்தினார். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை.

"சாயங்காலம் கையெழுத்துப் போடப் போறேன். வேற யாராவது ஊசியை மாத்தணும்னா மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உள்ளே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் அது என் வேலை இல்லை. கடைசியில் கணக்காளர்தான் எழுந்தார். தன் ஊசியைப் பிடுங்கும்போது, "மாமனார் வீட்டு வாசப்படி மிதிச்சே வருஷமாகுது" என்று முணுமுணுத்தார். பிறகு ஸ்டோர்காரர். பிறகு அந்தச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், ஒன்றாகவே. ஊசியை மாற்றுவதற்காக அல்ல, தற்செயலாக அந்தப் பக்கம் நடந்து போனவர்கள்போல ஒவ்வொருவரும் போய் வந்தார்கள்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டைகள் மட்டும் இருந்தன. நடுவில் ஒரே ஒரு ஊசி.

"இது யாரோடது?"

"என்னோடது சார்."

"இதுவும் மாத்தணுமா?"

"இல்ல சார். இது நிஜம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார்.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. வாடகை கழுத்தை நெரிப்பது மட்டும் உண்மை என்பதால் கீழ்த்தளத்தைக் காலி செய்தோம். எல்லோரும் இப்போது ஒரே தளத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு வேலை செய்கிறோம். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் பாலத்துச் சலுகை இப்போது என் ஒருத்திக்கு மட்டும்தான். "அந்தத் தெருவைத் தாண்டி வர உங்களுக்கும் அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லி லைன் அக்காவுக்கும் மாப்பிள்ளை கொடுத்தார். என் மேஜையைச் சுற்றிக் காலையில் யாரும் நிற்பதில்லை. பாலம் எப்படி இருந்தது என்று கேட்க நாதியில்லை. அதுகூட ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கும் இரண்டு பஸ் மாறித்தான் வந்தேன். நடுப்பாலத்தில் வெயிலில் நின்றபோது, நடந்தே போயிருக்க வேண்டிய புது ஆபீஸை நினைத்துப் பல்லைக் கடித்தேன். கோபமா என்றால் கோபம்தான். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும், அந்தக் கயிறு இழுபட்டது கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

டீ வந்தபோது அக்கா போனில் இருந்தார். ஏதோ ஒரு கட்டடத்தில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டு அழுகிறாள். அக்காவால் எழுந்திருக்க முடியாது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்குப் போனேன்.

திரை மூடியிருந்தது. நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா, "காலைல என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் நடுக்கம் இல்லை, ஆனால் கேள்வியை இரண்டாம் முறை கேட்டார். கயிறு அசைந்தது. திரை மெல்ல, கோணல்மாணலாக, ஓரம் வரைக்கும் திறந்தது. எதிரே ஒரு இடது கை உயர்ந்தது. நானும் கையை உயர்த்தினேன்.

திரும்பி அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்து, "அழாதம்மா. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்றார்.